தலை மாறிய விலங்குகள்

போக்கிமான் என்ற ஜப்பானிய வீடியோ கேமின் உலகத்தில் பியூட்டர் என்றொரு ஊர் இருக்கிறது. மலையடிவாரம்; கல்லின் சாம்பல் நிறமே ஊரின் அடையாளம். அங்கே ஓர் அறிவியல் அருங்காட்சியகம். 50 யென் கொடுத்து உள்ளே போனால் கீழ்த்தளத்தில் இரண்டு எலும்புக்கூடுகள் இருக்கின்றன. ஒன்று, அரிவாள் போன்ற கைகளைக் கொண்ட கபுடாப்ஸ். இன்னொன்று, வாயெல்லாம் பல்லாக இருக்கும் பறக்கும் விலங்கான ஏரோடாக்டில். மாடியில் ஒரு விண்வெளி ஓடமும் நிலாக்கல்லும். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான முதல் விளையாட்டிலேயே இந்தக் கட்டடம் உண்டு. அடுத்த ஆண்டு தொடங்கிய அனிமேஷன் தொடரிலும், பியூட்டர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த விஞ்ஞானி ஒருவர் ஆரம்ப அத்தியாயங்களிலேயே தலைகாட்டிவிடுகிறார்.

தீயைக் கக்கும் பல்லியும் மின்சாரம் பாய்ச்சும் எலியும் தெருவில் திரிகிற உலகத்துக்கு எதற்கு ஒரு மியூசியம்? காரணம் எளிது. மாயாஜால உலகம் ஒன்றைப் படைப்பவருக்கு அதில் ஊர்களை வைப்பது சுலபம், விலங்குகளை வைப்பதும் சுலபம். அந்த உலகத்துக்கு வயது கொடுப்பதுதான் கடினம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அழிந்துபோன விலங்கு ஒன்றின் எலும்பை வைத்துவிட்டால் போதும்; நாம் வருவதற்கு முன்பே இந்த உலகம் நெடுங்காலம் இருந்தது என்பது ஒரு வார்த்தை பேசாமல் புரிந்துவிடும். போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். தேடு, பிடி, வகைப்படுத்து, பட்டியலில் சேர் என்ற அந்த விளையாட்டின் மொத்த இயக்கமும் 19ஆம் நூற்றாண்டு இயற்கை ஆய்வாளரின் வேலைதான். அப்படிப்பட்ட உலகத்தில் மியூசியம் இல்லாமல் இருந்தால்தான் வியப்பு.

ஆனால் அந்தக் கற்பனை மியூசியத்தைக் கொஞ்சம் நின்று பார்த்தால், நிஜ மியூசியங்களைப் பற்றி நாம் அதிகம் கவனிக்காத ஒன்று தெரியவரும். அங்கே நிற்கும் எலும்புக்கூடுகளும் ஒருவகையில் வரையப்பட்ட படங்களே.

மூன்று கற்கள்

முதல் விளையாட்டில் உயிர்ப்பிக்கக் கூடிய புதைபடிவங்கள் மூன்று. மூன்றுக்கும் நிஜ உலகில் மூலம் உண்டு.

சுருள் வடிவப் படிவத்திலிருந்து வருவது ஓமனைட். இது அப்பட்டமாக ஓர் அம்மோனைட். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவான இந்தக் கடல் உயிரிகள் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தோன்றி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு டைனோசர்கள் அழிந்த அதே பேரழிவில் மறைந்தன. தமிழ் வாசகருக்கு இது அந்நியமான கல் அல்ல. வைணவ வீடுகளில் பூஜைக்கு வைக்கும் சாளக்கிராமம், நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் படிவம். அரியலூர் வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சுருள் சுருளாக இதே உயிரிகள் கிடைக்கின்றன. இன்று சிமெண்ட் ஆலைகள் நிற்கும் அந்த மண் ஒரு காலத்தில் கடலடி.

அம்மோனைட்டின் ஓடு பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். விலங்கு குடியிருந்தது கடைசி அறையில் மட்டும். வளர வளர முன்னால் நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும். காலியான அறைகளில் வாயுவும் திரவமும் நிரம்பி அதை மிதக்க வைத்தன. இதெல்லாம் ஓட்டை அறுத்துப் பார்த்தாலே தெரியும். ஆனால் அந்தக் கடைசி அறையிலிருந்து வெளியே நீண்டிருந்த கைகள் எத்தனை, எவ்வளவு நீளம், எப்படி அசைந்தன? மென்மையான சதை கல்லாவது அபூர்வத்திலும் அபூர்வம். உலகெங்கும் கோடிக்கணக்கில் ஓடுகள் கிடைத்தும், மியூசியச் சுவர்களில் அம்மோனைட்டுக்கு வரையப்படும் கைகள் அதன் உறவினர்களைப் பார்த்து ஊகித்தவை. ஓமனைட்டை வரைந்த ஓவியரும் அதையேதான் செய்தார். பெரிய கண்ணையும் சேர்த்துக்கொண்டார், அவ்வளவே.

இரண்டாவது, கபுடோ. கவிழ்த்துவைத்த கவசத் தொப்பி போன்ற உடல். இது குதிரைலாட நண்டு. பெயரில் நண்டு இருந்தாலும் சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய சொந்தம். இதன் மிகப் பழைய படிவங்கள் 44 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை. இன்றும் 4 இனங்கள் உயிரோடு இருக்கின்றன; அவற்றில் இரண்டு ஒடிசா, வங்காளக் கரைகளில் முட்டையிட வருகின்றன. போக்கிமான் கையேட்டில் கபுடோவைப் பற்றி ஒரு குறிப்பு வரும்: பெரும்பாலும் படிவமாகத்தான் கிடைக்கும், ஆனால் மிக அரிதாக உயிரோடும் கண்டிருக்கிறார்கள் என்று. ஜப்பானியச் சிறுவர்களுக்கு இது கற்பனை அல்ல. ஒகயாமா மாவட்டத்தின் கசவோகா கடற்கரை, குதிரைலாட நண்டுகள் இனப்பெருக்கம் செய்யும் இடம் என்பதற்காகவே 1928இல் தேசிய இயற்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பிறகு கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் அந்தச் சதுப்பின் பெரும்பகுதி போய்விட்டது. இப்போது அந்த ஊரில் இந்த விலங்குக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

மூன்றாவது, பியூட்டர் மியூசியத்திலேயே கிடைக்கும் பழைய ஆம்பர் கட்டி. அதற்குள் இருக்கும் மரபணுவிலிருந்து ஏரோடாக்டில் என்ற பறக்கும் ஊர்வன எழுந்துவரும். 1993இல் வெளிவந்து உலகையே ஆட்டிய ஜுராசிக் பார்க் படத்தின் சாயல் இதில் அப்படியே தெரிகிறது. எரிமலைத் தீவு ஒன்றில் இருக்கும் ஆய்வகத்தில் கல்லைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே சுற்றிவிட்டு வந்தால் விலங்கு தயார்.

நிஜத்தில் இந்த எந்திரம் ஏன் ஓடாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நியூசிலாந்தில் வாழ்ந்து அழிந்த மோவா என்ற பெரும் பறவையின் 158 கால் எலும்புகளை ஆராய்ந்து, 2012இல் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்த எலும்புகள் கிடந்த தட்பவெப்பத்தில் மரபணு இழையின் பிணைப்புகளில் பாதி 521 ஆண்டுகளில் அறுந்துவிடும். அடுத்த 521 ஆண்டுகளில் மீதியில் பாதி. உறைபனிக் குளிரில் வைத்தாலும், அதிகபட்சம் 68 லட்சம் ஆண்டுகளில் ஒரு பிணைப்புகூட மிஞ்சாது. இதுவரை படிக்க முடிந்த மிகப் பழைய மரபணு, கிரீன்லாந்தின் வடமுனை மண்ணிலிருந்து எடுத்து 2022இல் அறிவிக்கப்பட்டது. அதன் வயது சுமார் 20 லட்சம் ஆண்டுகள். கடைசி டைனோசர் செத்து 6.6 கோடி ஆண்டுகள். ஆம்பருக்குள் சிக்கிய பூச்சிகளிலிருந்து மரபணு எடுத்துவிட்டதாக 1990களில் வந்த அறிவிப்புகளை வேறு ஆய்வகங்கள் திரும்பச் செய்து பார்த்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆகவே அழிந்த விலங்கை எழுப்ப நம்மிடம் இருப்பது ஒரே வழி: எலும்பை எடுத்து, எந்த இடத்தில் எது என்று யோசித்து, சேர்த்துப் பார்ப்பது. அங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது.

கேலாரின் நான்கு அரை உடல்கள்

2019 நவம்பரில் வெளியான போக்கிமான் விளையாட்டு, கேலார் என்ற நாட்டில் நடக்கிறது. செங்கல் ஆலைகள், பச்சை மேடுகள், கால்பந்து மைதானங்கள் என்று அந்த நாடு முழுக்க பிரிட்டனின் சாயல். அங்கே கிடைக்கும் படிவங்கள் நான்கு: பறவை, மீன், டிராகன், டைனோசர். ஒன்றும் முழுதல்ல. பறவையும் மீனும் மேல் பாதி. டிராகனும் டைனோசரும் கீழ் பாதி. சாலையோரத்தில் நிற்கும் காரா லிஸ் என்ற ஆய்வாளரிடம் எந்த மேல்பாதியையும் எந்தக் கீழ்பாதியையும் கொடுக்கலாம். அவர் யோசிக்காமல் ஒட்டி உயிர் கொடுத்துவிடுவார்.

விளைவு, பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. டிராகோசோல்ட், ஆர்க்டோசோல்ட், டிராகோவிஷ், ஆர்க்டோவிஷ் என்று நான்கு ஜந்துக்கள், நான்கும் தவறு. ஆர்க்டோவிஷுக்குத் தலை குப்புற மாட்டப்பட்டு, வாய் உச்சந்தலையில் இருக்கிறது. ஆர்க்டோசோல்ட்டின் உடம்பில் ஒரு பாதி பனிக்குளிர். இன்னொரு பாதி அந்தக் குளிர் தாங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கிறது.

இதைவிடக் கூர்மையான நகைச்சுவை கையேட்டுக் குறிப்பில் இருக்கிறது. ஆர்க்டோவிஷ் இரையை உறையவைத்துச் சுலபமாகப் பிடித்துவிடுமாம். ஆனால் வாய் தலைக்கு மேலே இருப்பதால் தின்ன முடியாமல் திண்டாடுமாம். அதாவது, ஒட்டியவர் செய்த தவறு விலங்கின் இயல்பாகப் பதிவாகிவிட்டது. அது அழிந்ததற்கும் அதுவே காரணமாகிவிட்டது. பிழையான உருவத்திலிருந்து பிழையான வாழ்க்கை வரலாறு பிறக்கிறது. இது வெறும் கேலி அல்ல. தொல்லுயிரியலின் முதல் நூறு ஆண்டுகளில் மறுபடி மறுபடி நடந்தது. அந்த நாடு பிரிட்டனை ஒத்திருப்பதும் பொருத்தம்தான், ஏனென்றால் முதல் பெரிய பிழை அங்கேதான் நடந்தது.

மூக்கில் ஏறிய கட்டைவிரல்

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் கிடைத்த சில பற்களை வைத்து, கிடியன் மேன்டெல் என்ற ஊர் வைத்தியர் 1825இல் ஒரு விலங்குக்குப் பெயர் வைத்தார். பற்கள் இகுவானா என்ற பல்லியின் பற்களைப் போலவே, ஆனால் பல மடங்கு பெரிதாக இருந்தன. ஆகவே இகுவானடான். கூடவே கூம்பு வடிவில் ஒரு முள்ளும் கிடைத்தது. கொம்பு மாதிரி இருந்தது. கொம்பு என்றால் மூக்கில்தானே இருக்கவேண்டும்? காண்டாமிருகத்தையும் சில இகுவானாக்களையும் மனதில் வைத்து மூக்கிலேயே பொருத்தினார்கள்.

1854இல் லண்டனின் சிடன்ஹாம் பகுதியில் கிரிஸ்டல் பேலஸ் பூங்கா திறந்தபோது, பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி ஆளுயரத்தைத் தாண்டிய இகுவானடான்களைச் செய்து நிறுத்தினார். ஆலோசகர் ரிச்சர்ட் ஓவன். டைனோசர் என்ற வகையையே வகுத்தவர், பின்னாளில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எழக் காரணமானவர். நான்கு காலில் நிற்கும், கனத்த, மூக்கில் கொம்புள்ள மிருகம். திறப்புக்கு முன், 1853 டிசம்பர் 31 இரவில், அந்த இகுவானடான் அச்சுக்குள்ளேயே மேசை போட்டு விஞ்ஞானிகளுக்கு விருந்து வைத்தார்கள். தலைப் பக்கத்து இருக்கை ஓவனுக்கு. அவர் தலைக்கு மேலே, மூக்கில், அந்தத் தவறான கொம்பு.

கால் நூற்றாண்டு கழித்து 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில், 322 மீட்டர் ஆழத்தில், முழு இகுவானடான்கள் கூட்டமாகக் கிடைத்தன. கை எலும்புகள் இடம் மாறாமல் இருந்தன. அந்தக் கூம்பு முள் மூக்கில் இல்லை. கையின் கட்டைவிரலில் இருந்தது. லூயி தொல்லோ என்ற ஆய்வாளர் அவற்றை ஒவ்வொன்றாகச் சாரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு நிமிர்த்தினார். எப்படி நிற்கவைப்பது என்று பார்க்க, பக்கத்தில் ஒரு கங்காருவின் எலும்புக்கூட்டையும் பெரும் பறவை ஒன்றின் எலும்புக்கூட்டையும் வைத்துக்கொண்டார். இகுவானடான் வாலை ஊன்றி, கங்காருவைப் போல நிமிர்ந்து நின்றது.

அதுவும் தவறு. தொல்லோ வளைத்த இடத்தில் வாலை அப்படி வளைக்கவேண்டுமானால் எலும்பை உடைத்தாகவேண்டும். எலும்பாகிப்போன தசைநார்கள் அந்த வாலைக் கம்பு போல விறைப்பாக வைத்திருந்தன என்பதை 1980இல் டேவிட் நார்மன் எடுத்துக்காட்டினார். இன்றைய இகுவானடான் முதுகைத் தரைக்கு இணையாக வைத்து, வாலை உயர்த்தி நடக்கிறது. ஆனால் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் அசல் எலும்புகள் இன்றும் கங்காரு நிலையிலேயே நிற்கின்றன. எலும்புகளுக்குள் படிந்த பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது அவற்றை உள்ளிருந்தே அரித்து, தொட்டால் நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. இனி அவற்றை மாற்றி நிறுத்துவது ஆபத்து. ஒரு பழைய கருத்து தானே படிவமாகிப்போன இடம் அது.

தலை எது, வால் எது

அமெரிக்கர்கள் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். கன்சாஸில் கிடைத்த எலாஸ்மோசாரஸ் என்ற கடல் ஊர்வனவுக்கு 70க்கும் மேற்பட்ட கழுத்து முள்ளெலும்புகள். 1860களின் இறுதியில் அதைச் சேர்த்துப் பார்த்தவர் எட்வர்ட் கோப். நீளமானது வால்தான் என்று முடிவு செய்து, குட்டையான வாலின் நுனியில் தலையை வைத்துப் படமும் அச்சிட்டுவிட்டார். 1870இல் ஜோசஃப் லைடி என்ற மூத்த ஆய்வாளர் பிழையைச் சுட்டிக்காட்டினார். அச்சான பிரதிகளைத் திரும்ப வாங்கிவிட கோப் முயன்றார். எல்லாம் திரும்பி வரவில்லை.

நீண்ட கழுத்து டைனோசர்களின் தலைக்கதை இன்னும் நீளம். விக்கிரமாதித்தனிடம் வேதாளம் போட்ட புதிர்களில் ஒன்று, இரண்டு ஆண்களின் தலை மாறிப்போனது பற்றியது. அவர்களில் ஒருவனுடைய மனைவிக்கு இப்போது எவன் கணவன் என்று கேட்டதற்கு, தலை எவனுடையதோ அவனே என்றான் மன்னன். தொல்லுயிரியலாளர்களும் அதே கட்சி. ஒரு விலங்கின் இனம், உணவு, புலன்கள் எல்லாவற்றையும் தலையே அதிகம் சொல்லும். ஆனால் இந்த ராட்சதர்களின் மண்டையோடு உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, மெல்லிய எலும்புகளால் ஆனது. செத்தவுடன் கழுத்திலிருந்து கழன்று, நீரில் அடித்துக்கொண்டு போய்விடும். எதைக் கொண்டு அடையாளம் காணவேண்டுமோ அதுதான் முதலில் தொலைகிறது.

நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1905இல் உலகின் முதல் ப்ரோன்டோசாரஸ் எலும்புக்கூட்டை நிறுத்தியபோது, தலை இல்லாததால் ஊகித்துச் செய்த ஒன்றை மாட்டியது. கட்டையான, தடித்த பற்களைக் கொண்ட, வேறொரு இனத்தின் சாயலில் அமைந்த தலை. பிட்ஸ்பர்கின் கார்னகி அருங்காட்சியகத்துக்குக் கிடைத்த, அதன் நெருங்கிய உறவான அபடோசாரஸுக்கு அருகிலேயே மெலிந்து நீண்ட மண்டையோடு ஒன்றும் கிடைத்திருந்தது. அதுதான் சரியான தலை என்று இயக்குநர் வில்லியம் ஹாலண்டுக்குத் தோன்றியது, மற்றவர்கள் ஏற்கவில்லை. 1915இல் காட்சிக்கு வந்த அந்த எலும்புக்கூட்டை ஹாலண்ட் 1932இல் தாம் இறக்கும்வரை தலையில்லாத முண்டமாகவே நிற்கவிட்டார். தவறான தலையைவிடத் தலையில்லாமல் இருப்பதே மேல் என்பது அவர் செயலின் பொருள். அவர் போன பிறகு வழக்கமான தடித்த தலையை மாட்டிவிட்டார்கள். 1975இல் ஜான் மெக்இன்டாஷும் டேவிட் பெர்மனும் பழைய தோண்டல் குறிப்புகளைக் கிளறி, ஹாலண்ட் சொன்னதே சரி என்று நிறுவினார்கள். 1979இல் பிட்ஸ்பர்கில் தலை மாற்றப்பட்டது. நியூயார்க்கில் 1990களில்தான்.

படத்தாளில் எழுந்த முதல் டைனோசர்

அந்த நியூயார்க் ப்ரோன்டோசாரஸுக்கு அனிமேஷன் வரலாற்றில் தனி இடம் உண்டு. பத்திரிகைச் சித்திரக்காரர் வின்சர் மெக்கே 1914இல் வெளியிட்ட 'ஜெர்ட்டி' படம், மனிதர்கள் நடித்த ஒரு காட்சியோடு தொடங்குகிறது. நண்பர்களோடு காரில் போகும் மெக்கேயின் வண்டி டயர் பஞ்சராகி, அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வாசலில் நிற்கிறது. உள்ளே போய் எலும்புக்கூட்டைப் பார்க்கிறார்கள். இதை நான் உயிரோடு நடமாட வைக்கிறேன் என்று மெக்கே பந்தயம் கட்டுகிறார்.

கட்டிய பந்தயத்துக்கு ஏறக்குறைய 10,000 படங்கள் வரையவேண்டியிருந்தது. பின்னணியைத் தனி ஒளிபுகும் தாளில் வைத்துக்கொள்ளும் முறை அப்போது அவர் கையில் இல்லை. ஆகவே மலையையும் ஏரியையும் ஒவ்வொரு படத்திலும் ஓர் உதவியாளர் திரும்பத் திரும்ப வரைந்தார். ஜெர்ட்டியின் விலா மூச்சு விடும்போது எப்படி ஏறி இறங்கவேண்டும் என்று கணக்கிட, மெக்கே தன் மூச்சையே கடிகாரம் வைத்து அளந்தார். படத்தில் ஜெர்ட்டி மரத்தைத் தின்கிறாள், ஏரியைக் குடித்தே வற்றவைக்கிறாள், திட்டினால் அழுகிறாள்.

எலும்பிலிருந்து மூச்சு தெரியாது. அதை மனிதனிடமிருந்து கடன் வாங்கினார் மெக்கே. தொல்லோ நிற்கும் விதத்தைக் கங்காருவிடம் கடன் வாங்கினார். மேன்டெல் கொம்பைக் காண்டாமிருகத்திடம் கடன் வாங்கினார். மூவர் செய்ததும் ஒரே வேலை: தெரிந்த உயிரை வைத்துத் தெரியாத உயிரை நிரப்புவது. மெக்கே அதை வெளிப்படையாகப் பந்தயம் என்று சொன்னார். மற்ற இருவர் அருங்காட்சியகத்தின் கம்பீரத்தோடு சொன்னார்கள். அந்தக் கம்பீரத்தில்தான் நாம் மயங்கிவிடுகிறோம்.

தோலிலிருந்து எலும்புக்கு

கற்பனை மியூசியத்துக்கும் நிஜ மியூசியத்துக்கும் இருக்கும் இந்த உறவை ஜப்பானியர்கள் 2021இல் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். போக்கிமான் புதைபடிவ அருங்காட்சியகம் என்ற அந்தக் கண்காட்சி ஹொக்கைதோவின் மிகாசா நகர அருங்காட்சியகத்தில் தொடங்கி, 2022இல் டோக்கியோவின் தேசிய அறிவியல் அருங்காட்சியகம் உள்பட ஊர் ஊராகச் சுற்றியது. ஓமனைட்டுக்குப் பக்கத்தில் நிஜ அம்மோனைட், ஆர்க்கியாப்ஸ் என்ற போக்கிமானுக்குப் பக்கத்தில் ஆர்க்கியாப்டெரிக்ஸ், டைரன்ட்ரம் என்ற போக்கிமானின் எலும்புக்கூட்டுக்கு எதிரே டைரனோசாரஸின் எலும்புக்கூடு. எது ஒத்திருக்கிறது, எது வேறுபடுகிறது என்று பார்ப்பவரே ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கவேண்டும். 2026இல் அது சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது.

டைரன்ட்ரமின் எலும்புக்கூட்டைச் செய்தவர்களுக்கு வந்த சிக்கல் சுவையானது. தொல்லுயிரியலாளர் எலும்பிலிருந்து தோலுக்குப் போகிறார். இவர்கள் தோலிலிருந்து எலும்புக்கு வரவேண்டியிருந்தது. ஓவியர் ஏற்கெனவே உருவத்தை வரைந்துவிட்டார். அந்தத் தாடைக்குள் என்ன எலும்பு இருந்தால் அது அப்படித் திறக்கும், அந்தக் கழுத்து மயிருக்கு அடியில் என்ன இருக்கும் என்று பின்னோக்கி யோசிக்கவேண்டும். விடை ஒன்றல்ல, பல. எலும்பிலிருந்து தோலுக்குப் போகும்போதும் அப்படித்தான் என்பது அங்கேதான் சிறுவர்களுக்குப் புரிகிறது. ஆர்க்கியாப்ஸ் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் இருக்கும். ஆர்க்கியாப்டெரிக்ஸின் ஒற்றைச் சிறகு ஒன்றில் மிஞ்சியிருந்த நுண்ணிய நிறமித் துகள்களை ஆராய்ந்து, அந்தச் சிறகு கறுப்பு என்று 2012இல் சொன்னார்கள். மீதி உடலின் நிறத்துக்கு ஓவியரைத்தான் கேட்கவேண்டும்.

கண்காட்சி மிகாசாவில் தொடங்கியதும் தற்செயலான பொருத்தம். அம்மோனைட்டுகளுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே 1976இல் ஒரு மண்டையோட்டின் துண்டு கிடைத்தது. டைரனோசாரஸ் வகையைச் சேர்ந்த கொடும் டைனோசர் என்று நினைத்தார்கள். மறு ஆண்டே தேசிய இயற்கை நினைவுச் சின்னம் ஆனது. பிறகு நிதானமாக ஆராய்ந்ததில் அது டைனோசரே அல்ல, மோசசார் என்ற கடல் ஊர்வன என்று தெரிந்தது. 2008இல் டனிவாசாரஸ் மிகாசாயென்சிஸ் என்று அதற்கு முறையான அறிவியல் பெயர் வைக்கப்பட்டது.

கழற்ற முடிகிற எலும்புக்கூடு

சிகாகோவின் அதே ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் 'சூ' என்று பெயர் வைக்கப்பட்ட டைரனோசாரஸ் இருக்கிறது. தெற்கு டகோட்டாவில் 1990இல் கிடைத்தது; 1997இல் 83.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2000இல் காட்சிக்கு வந்தது. 12 மீட்டருக்கு மேல் நீளம். இதன் உடம்பில் இருக்கும் தலை அசல் அல்ல, வார்ப்பு. அசல் மண்டையோடு ஏறக்குறைய 270 கிலோ. அதைக் கம்பியில் மாட்டினால் தாங்காது என்பதால் தனிப் பெட்டியில் கிடத்தியிருக்கிறார்கள். வயிற்றுப்புறத்தில் விலாவைப் போல வளைந்த மெல்லிய எலும்புகள் 2000இல் மாட்டப்படவில்லை. எங்கே எப்படிப் பொருந்தும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. 2018இல் எலும்புக்கூட்டைப் பிரித்து, வேறு அரங்கில் மறுபடி நிறுத்தியபோது அவற்றைச் சேர்த்தார்கள். சூ ஒரே நாளில் தொப்பை போட்டுவிட்டது. பழைய ஒல்லி உருவம் 18 ஆண்டுகளாக நாம் நம்பிய பிழை.

பிரஸ்ஸல்ஸில் முடியாதது சிகாகோவில் எப்படி முடிந்தது? அந்த எலும்புக்கூட்டின் இரும்புச் சட்டத்தைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும். நகையில் கல்லைப் பதிப்பதுபோல் ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனியாக ஒரு பிடிப்பு. எலும்பில் துளை போடுவதில்லை, பசை போட்டு இணைப்பதில்லை. ஆராயவேண்டும் என்று ஒருவர் கேட்டால் அந்த ஒரு எலும்பை மட்டும் கழற்றி எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்ப மாட்டலாம். நிற்கும் நிலை முழுவதையும் ஒரு நாள் யாரோ மாற்றுவார்கள் என்று எதிர்பார்த்தே அந்தச் சட்டம் செய்யப்பட்டிருக்கிறது.

காரா லிஸ் ஒட்டிய உடல்களைப் பிரிக்க விளையாட்டில் வழியே இல்லை. பாதியும் பாதியும் சேர்ந்ததோடு கல் போய்விட்டது. அந்த நான்கு விலங்குகளின் அசல் உருவமும் அதோடு போய்விட்டது. மேன்டெலின் முள்ளும் கோப்பின் கழுத்தெலும்புகளும் மிகாசாவின் மண்டையோட்டுத் துண்டும் அப்படியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் அவர்களைத் தவறு என்று சொல்ல முடிந்தது. கற்பனையைத் தவிர்ப்பது அருங்காட்சியகத்தின் வேலை அல்ல. கற்பனை இல்லாமல் ஓர் எலும்பைக்கூட நிமிர்த்தி வைக்க முடியாது. கற்பனைக்கு ஆதாரமான பொருளைக் கெடுக்காமல் பாதுகாத்து, அடுத்தவர் கையில் கொடுப்பதுதான் அதன் வேலை.

அடுத்த முறை எந்த ஊர் அருங்காட்சியகத்தில் எலும்புக்கூட்டின் முன் நின்றாலும், உயரத்தைப் பார்த்து வியந்து முடித்ததும் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதில் எது அசல் எலும்பு, எது வார்ப்பு? பல இடங்களில் நிறமும் பளபளப்பும் காட்டிக்கொடுக்கும். இல்லாவிட்டால் விளக்கப் பலகையில் எழுதியிருக்கும். தலை இதனோடுதான் கிடைத்ததா? இந்த நிலையில் நிறுத்தியது எந்த ஆண்டு? முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்தையது என்றால் வாலைக் கவனியுங்கள். அது தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் பார்ப்பது அந்த விலங்கை மட்டுமல்ல, அதை நிறுத்தியவர்கள் அன்று எதை நம்பினார்கள் என்பதையும் சேர்த்துத்தான்.